எட்டு

பணகுடிக்குத் தெற்கே
எண்பது மீட்டர் உயரத்தில்
போல்ட்டு முறுக்குகிற வேலை எனக்கு.
எவ்வளவு இறுக்கம் என்று ஸ்பானரே சொல்லும்,
'டக்' என்று ஒரு சத்தம்.
அதற்கு மேல் ஒரு நூல் திருகினாலும் தப்பு.
பதினான்கு வருசம் அந்தச் சத்தத்தை நம்பிக்
காற்றாடிகள் நின்றன. நானும் நின்றேன்.

பிறகு ஒரு ஆனி மாதக் காலை,
பிரஷ் வாயிலேயே இருக்க,
என் இடது பக்கம் மட்டும்
என்னைக் கேட்காமல் உட்கார்ந்துவிட்டது.

முதலில் கை ஈரத்துணி மாதிரி தொங்கியது.
அப்புறம் மடங்கத் தொடங்கியது.
முழங்கை நெஞ்சுக்கு, விரல்கள் உள்ளங்கைக்கு,
யாரோ பிடுங்க வருகிற சில்லறையைப்
பொத்திக்கொண்ட மாதிரி.

டாக்டர்கள் இழுத்துப் பார்ப்பார்கள்.
நாகர்கோவிலில் ஒருவர் 'இரண்டு' என்றார்.
வள்ளியூரில் இன்னொருவர் 'ஒண்ணு, ஒரு பிளஸ்' என்றார்.
எப்சிபா கேட்டாள்:
"இதென்ன, சந்தையில மாட்டுப் பல்லு பாக்குத மாதிரி
ஆளுக்கொரு கணக்கு?"

ஏழாம் மாதம் பாளையங்கோட்டை.
ஸ்கேன் அறைக் குளிரில்
டாக்டர் செய்யதலி பாத்திமா
என் புஜத்தில் களியைத் தடவினார்.
"வயித்துப் பிள்ளையப் பாக்குத மிஷின்தானே இது?"
"அதேதான்க்கா. சதைக்குள்ள ஒரு சின்ன அதிர்வ விடுவோம்.
இளகின சதையில அது நடக்கும்.
இறுகினதுல ஓடும்.
ஓடுத வேகத்த வச்சுக் கணக்கு."

எனக்குப் புரிந்தது.
மேலே நாங்கள் போல்ட்டைச் சுத்தியலால் தட்டிக்
காதைக் கொடுப்போம்.
தளர்ந்தது மழுப்பும். இறுகியது கணீரென்னும்.
இத்தனை மாதத்தில்
என் தொழில் தெரிந்த ஒரு ஆள்.

வலது கை முதலில். திரையெல்லாம் நீலம்,
மணிமுத்தாறு நிரம்பிய நாள் போல.
பன்னிரண்டு கிலோபாஸ்கல்.
இடது கை, பச்சை, மஞ்சள், ஓரத்தில் சிவப்பு.
"தளத்துங்க அண்ணாச்சி. இன்னும் தளத்துங்க."
எதை வைத்துத் தளர்த்த?
சொன்னால் கேட்கிற கை என்றால்
நான் ஏன் இங்கே வருகிறேன்?

அப்போது கொட்டாவி வந்துவிட்டது,
நாலரை மணி பஸ்ஸுக்கு எழுந்த கொட்டாவி.
வாய் திறந்ததும் கை தானாக எழும்பிற்று.
திரை முழுக்கச் சிவப்பு.

எப்சிபா தலையைக் குனிந்துகொண்டாள்.
ஐப்பசியில் ஒரு மழை ராத்திரி
இதேபோல் என் கை முகத்துக்கு நேரே எழுந்தபோது
சுகமாகிவிட்டதென்று
முடியைக்கூட முடியாமல் தெருவில் ஓடி
எதிர்வீட்டு ரூபவதியை எழுப்பிவிட்டவள் அவள்.
அவர்கள் குடையோடு வந்து பார்க்கையில்
கை பழையபடி மடங்கிக் கிடந்தது.
அன்றிலிருந்து நான் கொட்டாவியைப்
பல்லைக் கடித்து விழுங்குகிறேன்.

டாக்டர் சிரிக்கவில்லை.
"கொட்டாவிக்கு வேற ரோடு அண்ணாச்சி.
மூளையில அடிபடாத ரோடு."
சிவப்பு நீலத்தை நோக்கி இறங்கும்வரை காத்திருந்தார்.
பத்து முறை அளந்தார்,
கொட்டாவியைத் தள்ளி எழுதினார்:
முப்பத்தொன்று.

"இதுல சதையே இறுகினது எவ்வளவு,
நரம்பு சொல்லி இறுகுதது எவ்வளவு?"
"அதத்தான் நாங்களும் தேடுதோம்" என்றார்.
தெரியாததைத் தெரியாதென்று சொன்ன வாயை
அன்று எனக்குப் பிடித்துப்போனது.

ஊசி போட்டு ஐந்து வாரம்.
அதே அறை, அதே களி.
இருபத்து மூன்று.

எட்டை வைத்து என்ன செய்ய?
ஸ்பானர் பிடிக்க முடியாது.
ஏணியை நினைக்கவே கூடாது.
எட்டில் சட்டைக்கை நுழைகிறது.
எட்டில் எப்சிபா என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து
உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.
வாடை அடித்தது. நகம் பதிந்த பிறைகள் நாலு.
இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.
'டக்' என்றது நகவெட்டி.

மூன்றாம் விரலில் எனக்குக் கொட்டாவி வந்தது.
விழுங்கவில்லை.
கை எழும்பி இறங்கட்டுமென்று
நகவெட்டியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு
அவள் காத்திருந்தாள்.